நீமாவின் பெயரில் என் முகம்

மே 12, திங்கள்

மழை. பிறகு வெயில். திரும்ப மழை. ஜாக்கெட் இன்னும் காயவில்லை.

செய்ய வேண்டியவை:
கணிதம், பக்கம் 84.
அம்மாவின் விடுமுறை அன்ட்றாக் (விண்ணப்பம்) நிரப்ப.
நீமாவுக்குக் கடிதம்.

முதல் இரண்டும் முடிந்தன. மூன்றாவது முடியவில்லை. ஏன் என்று முழுக்க எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் பிறகு நானே வேறு மாதிரிச் சொல்லிவிடுவேன்.

அப்பாவின் பிறஷர் குளிசை வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். காசு கொடுக்கும் மேசையில் ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரம். மேலே என் முகம். முதலில் கண்ணாடி என்று நினைத்தேன். உண்மையாக.

கீழே டொச்சில், ஜெர்மன் மொழியில்: "நீமா, 15 வயது, தான்சானியா. தாய் இறந்தபின் ஒரு வருடம் வீட்டு வேலைக்காரி. அடி வாங்கினாள். உங்கள் உதவியால் இன்று பள்ளிக்கூடம் போகிறாள்."

முகம் என்னுடையது. செப்டெம்பரில் பள்ளிக்கூடத்துச் சைக்கிள் கொட்டகைக்கு முன்னால் எடுத்த படம். சுவரைச் செம்மண் நிறமாக மாற்றியிருக்கிறார்கள். சைக்கிள்கள் இல்லை.

கதை நீமாவுடையது. அவள் எங்கள் பள்ளியின் பங்காளிப் பள்ளியில் படிக்கிறாள், பெண்கள் விடுதிப் பள்ளி. இரண்டு வருடமாகக் கடிதம். ஜனவரியில் எனக்கு மட்டும் அதை எழுதினாள். "இங்கே ஒருத்திக்கும் தெரியாது. அத்தை வீட்டில் நின்றேன் என்றுதான் நினைக்கிறார்கள். நீ யாருக்கும் சொல்லாதே." வாசித்துவிட்டு வகுப்பில் அழுதேன். பிராவ் மெர்ட்டன்ஸ் என்ன என்று கேட்டார். எங்கள் ஆங்கில ஆசிரியை. இந்தப் பங்காளித் திட்டத்தை நடத்துவதும் அவர்தான். கடிதத்தைக் காட்டினேன். "நமக்குள் இருக்கட்டும்" என்றார்.

நமக்குள்.

முழுக் கட்டையும் எடுத்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். குளிசை வாங்கவில்லை.

அப்பா: "என்ன பிள்ளை, குளிசை எங்க?"
"முடிஞ்சுதாம் அப்பா. நாளைக்கு வரட்டாம்."

இந்தக் கொப்பி விளையாட்டுப் பைக்குள் இருக்கும். மெத்தைக்குக் கீழே வைத்தால் அம்மா விரிப்பு மாற்றும்போது கண்டுபிடிப்பார். தமிழ் என்றபடியால் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் விளங்காது.


மே 13, செவ்வாய்

பிரசுரம் எடுத்த இடங்கள்: நூலகம். பல் வைத்தியர். பேக்கரி. (பேக்கரியில் ஒரு குரோசான் வாங்க வேண்டியதாயிற்று. சும்மா நிற்க ஏலாது.)
எடுக்காத இடம்: வங்கி. கமரா இருக்கிறது.

எப்படியோ அந்தத் தாள் வகுப்புக்கு வந்துவிட்டது. மூன்றாம் பாடவேளையில் யோனாஸ் என் மேசையில் இரண்டு யூரோக் காசு வைத்தான்.
"உன் பள்ளிக் கட்டணத்துக்கு, நீமா."
பின் வரிசை சிரித்தது. லேனாவும். ஐந்தாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் இருப்பவள். பிறகு காதுக்குள், "கோபிக்காதே, அவன் சொன்ன விதம்தான் பகிடி" என்றாள்.

காசை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன். யாரோ எடுத்துவிட்டார்கள்.


மே 14, புதன்

மெ.யுடன் கதைத்தேன். (இனி மெ. முழுப்பெயர் எழுதக் கை வரவில்லை.)

இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலில். மெ.யின் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம்.
"தர்சி! கேள்விப்பட்டாயா? மருந்துக்கடையில் ஒரே நாளில் தீர்ந்துவிட்டதாம். நூலகத்திலும். இன்னும் அச்சடிக்கிறோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. எல்லாவற்றையும் எடுத்தது நான்.

கேட்டேன். ஏன் நான். ஏன் அந்தக் கதை.

மெ. சொன்னது (அப்படியே எழுதுகிறேன்):
அங்கே பிள்ளைகளின் முகத்தைத் தர மாட்டார்கள், பள்ளி விதி. முகம் இல்லாமல் இங்கே யாரும் கொடுக்க மாட்டார்கள். நீமா என்று அங்கே பத்துப் பேர் இருப்பார்கள், எவள் என்று யாருக்குத் தெரியும்? விடுதிக்கு முப்பது கட்டில் வரப்போகிறது. "நீமாவுக்காக எதையும் செய்வேன் என்று நீதானே சொன்னாய்."

சொன்னேன்தான்.

பிறகு ஒரு கோப்பைத் திறந்தார். சம்மதப் படிவம், போன ஓகஸ்ட். "பிள்ளையின் படத்தைப் பள்ளியின் எல்லா வெளியீடுகளுக்கும் பயன்படுத்தலாம்": சரி. "பங்காளி அமைப்புகளுக்கும் கொடுக்கலாம்": சரி. கீழே அப்பாவின் கையெழுத்து. மேலே எல்லாம் என் எழுத்து.

ஐந்தாம் வகுப்பிலிருந்து வீட்டுக்கு வரும் தாள்கள் எல்லாவற்றையும் நான்தான் நிரப்புகிறேன். வாடகை, வரி, காப்புறுதி, பள்ளிக்கூடம். எங்கே கையெழுத்து என்று அப்பாவுக்குப் பென்சிலால் சின்னப் புள்ளடி போட்டு வைப்பேன். எல்லாப் பெட்டியிலும் சரி போட்டால் படிவம் திரும்பி வராது. இது நானாகக் கண்டுபிடித்தது. பெருமையாக இருந்தது.

பென்சில் புள்ளடி இன்னும் தெரிந்தது. மெ. விரலை அதன் மேல்தான் வைத்திருந்தார்.


மே 16, வெள்ளி

வெயில். 24 பாகை.

அம்மா வேலையால் வந்தார். முதியோர் இல்லத்தில், ஹைமில், உடுப்புத் தோய்க்கும் வேலை. சப்பாத்துக் கழற்றவில்லை, கையில் அந்தத் தாள்.

"இஞ்சேருங்கோ! ஓடி வாங்கோ! பிள்ளையின்ர படம்! ஹைம் வாசல் மேசையில கிடந்தது. தோட்டை வச்சுத்தான் கண்டுபிடிச்சனான்."
அப்பா கண்ணாடி தேடினார். "ஓம், இவள்தான். வடிவா வந்திருக்கு. பின்னுக்கு என்ன புழுதியாக் கிடக்கு?"
"அது டிசைன் அப்பா."
"நீமா எண்டு பேர் போட்டிருக்கு?"
"அது எனக்குக் கடிதம் எழுதுற பிள்ளை."
"வாசி பாப்பம், என்ன எழுதியிருக்கு?"

அப்பாவின் டொச், வேலை செய்கிற களஞ்சியத்தில் பழகிய டொச். பெட்டி, பாரம், இடது, வலது, நாளைக்கு. தாளைப் பிடித்துக்கொண்டு வாசித்தேன், தமிழில், நிறுத்தாமல்: "எங்கட பள்ளிக்கூட மாணவி தர்சினி ஆபிரிக்காவில இருக்கிற பிள்ளையளின்ர படிப்புக்கு உதவி செய்யிறா. நீங்களும் செய்யுங்கோ."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களே? அந்த ரீச்சர் எங்கட பிள்ளையை எங்க கொண்டுபோய் வச்சிருக்கிறா எண்டு. ஊன்ட்றொப் கோயில் திருவிழாவுக்கு ஒரு பத்துத் தாள் கொண்டுபோவம். கொலோன் மாமியாக்கள் பாக்கட்டும்."
"அதுக்குள்ள கண்ணூறு படப்போகுது" என்றார் அப்பா. பிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டினார்.

ஊன்ட்றொப்பில் என் வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் வருவார்கள். எல்லாருக்கும் டொச் வாசிக்கத் தெரியும். பத்து விநாடி போதும்.


மே 18, ஞாயிறு

தலையிடி. சாப்பாடு: புட்டு, மீன் குழம்பு. பாதி.

ஏன் வீட்டில் சொல்ல ஏலாது:

போன வருடம் அப்பா "பத்தோட நிப்பாட்டி ஒரு அவுஸ்பில்டுங், தொழிற்பயிற்சி எடுத்தாக் காணும், பொம்பிளைப் பிள்ளைக்கு அது போதும்" என்று நின்றார். மெ. வீட்டுக்கு வந்தார். சோபாவில் இருந்து மூன்று வடை சாப்பிட்டார். இவள் அபிற்றூர் வரை, பல்கலைக்கழகத்துக்குப் போகும் சோதனை வரை, படிக்க வேண்டும், பொறுப்பு என்னுடையது என்றார். அப்பா அன்றைக்கே மாறிவிட்டார். இப்போது மெ. சொன்னால்தான் எதுவும். மெ. பிழை செய்தார் என்று தெரிந்தால் அப்பா மெ.யுடன் சண்டைக்குப் போக மாட்டார். என்னைத்தான் நிப்பாட்டுவார்.

நீமாவுக்கு எழுத வேண்டும். ஆனால் கடிதங்கள் எல்லாம் ஒரே உறையில் மெ. வழியாகத்தான் போகும். வேறு வழியால் வருவதை அங்கே பிள்ளைகளிடம் கொடுப்பதில்லை. முன்பு யாரோ தெரியாத ஆண்கள் எழுதியதால் வந்த கட்டுப்பாடு.

ஒரு வழி இருக்கிறது. வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் பள்ளியில் நன்கொடையாளர் கூட்டம். நீமாவின் பள்ளித் தலைமை ஆசிரியை வருகிறார், மாமா ரூத். (அங்கே "மாமா" என்றால் அம்மாவாம். நீமாவின் முதல் கடிதத்தை வாசித்துவிட்டு, ஒரு மாமா எப்படிப் பெண்கள் விடுதியை நடத்துகிறார் என்று ஒரு வாரம் யோசித்தேன்.) அவர் கையில் நேரே கொடுத்தால்?


மே 20, செவ்வாய்

மெ. தானாகவே கூப்பிட்டார். மெல்லிய குரல்.
"தர்சி, வெள்ளிக்கிழமை நீ வராமல் இருப்பது நல்லது. நன்கொடை மேசைக்கு லேனா நிற்பாள். உன்னைக் கண்டால் ஆட்கள் குழம்புவார்கள்."

இரண்டு வருடமாக அந்த மேசையில் நிற்பது நான்.

இன்னொன்றும் சொன்னார், சந்தோசமாக: மாமா ரூத் திரும்பும்போது இருநூறு பிரசுரம் கொண்டு போகிறாராம், அங்கே சுவரில் ஒட்ட. அவருக்கு டொச் தெரியாது. ஆனால் அங்கே ஒரு ஜெர்மன் அக்கா ஒரு வருடத் தொண்டு வேலைக்கு நிற்கிறார் என்று நீமா எழுதியிருந்தாள். பிள்ளைகள் கேட்டால் வாசித்துச் சொல்வார்தானே. நீமா எனக்குச் சொன்னது அவள் வகுப்புச் சுவரில்.

இரவு கடிதம் எழுதினேன், ஆங்கிலத்தில். மூன்று பத்தி. மூன்றாவதுதான் முக்கியம்: "உன் கதையைக் காட்டியது நான். நம்பிக் காட்டினேன், அது என் பிழை. படத்தில் இருப்பதும் நான். ஆனால் நான் அதைச் செய்யவில்லை, என்னைக் கேட்கவும் இல்லை. தாள் உன்னிடம் வர முன்னம் இதை வாசி."

அப்பா தண்ணீர் குடிக்க எழும்பினார். லைட்டை அணைத்துவிட்டு மூச்சுப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.


மே 23, வெள்ளி

போனேன்.

வீட்டில் சொன்னது: லேனா வீட்டில் படிப்பு.

மண்டப வாசலில் என் முகம், என்னைவிட உயரம். அதற்குக் கீழே நான் போக வேண்டியிருந்தது. வைன் கிளாசோடு ஒரு பெண் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், என் கையைப் பிடித்துக்கொண்டார்.
"இவ்வளவு தூரம் வந்திருக்கிறாயே! பயணம் எப்படி?"
"பஸ்சில் வந்தேன்."
"என்ன அழகாக ஜெர்மன் பேசுகிறாய்!"
நன்றி என்று சொன்னேன். ஏன் சொன்னேன்.

மாமா ரூத் ஜன்னல் பக்கம், பச்சைச் சட்டை, பெரிய சிரிப்பு. ஆங்கிலத்தில் கதைத்தேன். என் பெயர் சொன்ன உடனே கட்டிப்பிடித்தார். "நீமாவின் தர்சினியா! உன் கடிதங்களைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறாள்."

உறையைக் கொடுத்தேன். "தயவுசெய்து நீமாவிடம் மட்டும்."
திருப்பிப் பார்த்தார். "பிராவ் மெர்ட்டன்ஸ் பார்த்துவிட்டாரா?"
"இல்லை."
"மகளே, ஒரு கடிதத்தை இப்படி விட்டால் எல்லாவற்றையும் விட வேண்டும். என் பிள்ளைகளின் பாதுகாப்பு அது." கோபமில்லை. கன்னத்தைத் தட்டினார்.

பிறகு தலையை நிமிர்த்தி, கூட்டத்துக்கு மேலால் கையை ஆட்டி, மெ.யைக் கூப்பிட்டார். மெ. வந்தார். மாமா ரூத் என் உறையை மெ. கையில் வைத்தார். "நல்ல பிள்ளை" என்றார், என்னைக் காட்டி.

மெ. என்னைப் பார்க்கவில்லை. கைப்பையைத் திறந்தார், வைத்தார், மூடினார். மேசையிலிருந்து லேனா பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் 19:52. நின்றுகொண்டே வந்தேன், இடம் இருந்தும்.


மே 25, ஞாயிறு

ஒன்றும் இல்லை. தொலைபேசி அடித்த ஒவ்வொரு தடவையும் மெ.தான் என்று நினைத்தேன். ஒரு தடவை கொலோன் மாமி. மூன்று தடவை விளம்பரம்.

அம்மா: "என்ன பிள்ளை, முகம் வாடிக் கிடக்கு? சோதனையோ?"
"ஓம் அம்மா."


மே 26, திங்கள்

முதல் இரண்டு பாடமும் ஆங்கிலம். மெ. வழமைபோல. யோனாஸைக்கூடச் சிரிக்க வைத்தார்.

மணி அடித்தபின்: "தர்சி, ஒரு நிமிடம்."

என் கடிதம், பிளாஸ்டிக் உறைக்குள். பச்சை மையால் திருத்தியிருந்தார். இரண்டு இடத்தில் காலம் பிழை. ஒரு எழுத்துப் பிழை. மூன்றாவது பத்தியைச் சுற்றி ஒரு கோடு, அளவுகோல் வைத்துக் கீறியது. பக்கத்தில் சின்னதாக: "இது நீமாவை நோகச் செய்யும். தேவையா?"

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் கத்தவில்லை.
"மாமா ரூத் புதன்கிழமை போகிறார். நாளைக்குள் திருத்தி எழுதித் தந்தால் அவர் கையிலேயே கொடுத்துவிடலாம்." கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு: "அடுத்த வாரம் ஆசிரியர் கூட்டம், மேல் வகுப்புக்கு யார் யார் என்று. உன்னைப் பற்றி நல்லதைத்தான் சொல்வேன். உன் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்."

சொன்னேன். அப்பாவுக்குச் சரியான சந்தோசம்.

சாப்பிட்டபின் கதவைச் சாத்தினேன். புதுத் தாள். அன்புள்ள நீமா. நலமா? இங்கே வெயில் தொடங்கிவிட்டது. மாமா ரூத்தைக் கண்டேன், நல்லவர். விடுதிக்குக் கட்டில் வருகிறதாம், எனக்கும் சந்தோசம். உன் படிப்பு எப்படி?

ஒரு பக்கம்கூட வரவில்லை. இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை.