ஆதியாகமம் நான்கு, ஒன்பது

மார்ச் 3, 2025, திங்கள்

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களின் வேதபாடம் இந்த வருடம் என் பொறுப்பு. மூன்று முறை சபைக் கமிட்டியில் சேர்க்காமல் என்னைத் தள்ளிவைத்த பாஸ்டருக்கு இப்போது வேறு ஆள் கிடைக்கவில்லை. தலைப்பு: தகப்பனைக் கனம்பண்ணுதல். தம்பி டெரிக்கின் சபையும் வரும். வரட்டும். அவன் முன்வரிசையில் உட்காரட்டும்.

2016இல் அப்பா இறந்தபோது காவிரிக் கலவரம். பீன்யா ஃபாக்டரியில் மாட்டிக்கொண்டேன். மறுநாள் இருட்டிய பிறகு எப்படியோ கோலார் தங்கவயல் போய்ச் சேர்ந்தால், ஒரு மணி நேரம் முன்புதான் குழியை மூடியிருந்தார்கள். மூத்த மகன் போடவேண்டிய முதல் பிடி மண்ணை டெரிக் போட்டிருக்கிறான். ஒரு மணி நேரம் பொறுக்க முடியாதா? அன்றோடு பேச்சு நின்றது.

மார்ச் 6

மேஜையில் இரண்டு புத்தகங்கள். ஒரு சொல் வேதத்தில் எங்கெல்லாம் வருகிறது என்று காட்டும் கன்கார்டன்ஸ். ஒவ்வொரு வசனத்துக்கும் ஒத்த வசனங்களை ஓரத்தில் தரும் வேதாகமம். ‘அடக்கம்’ என்ற சொல்லில் தொடங்கினேன். ஏசாவும் யாக்கோபும் சேர்ந்தே ஈசாக்கை அடக்கம்பண்ணினார்கள். அத்தனை பகைக்குப் பிறகும்! டெரிக் தலைகுனிய இது போதும்.

அங்கிருந்து ஓரக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு போனேன். ஐந்தாவதாக வந்தது ஆதியாகமம் 4:9. தம்பியைக் கொன்ற காயீனிடம், உன் தம்பி எங்கே என்று தேவன் கேட்கும் இடம். எனக்கு வேண்டியதில்லை.

மார்ச் 8

‘கனம்’ என்று தொடங்கினேன். ஆறாவதில் 4:9. ‘சாட்சி’ – நான்காவதில்.

மெர்சியிடம் காட்டினேன். “எல்லாம் ஒரே புஸ்தகந்தானே? சுத்திச் சுத்தி அங்கதான் வரும். சாப்பிட வாங்க.”

இருபத்தாறு வருடம் குவாலிட்டி செக்‌ஷனில் இருந்தவன் நான். முப்பத்தோராயிரம் வசனங்களில் ஒன்று மட்டும் இப்படி வராது.

மார்ச் 9

வேண்டுமென்றே ‘உப்பு’ எடுத்தேன். ஏழாவதில் வந்துவிட்டது.

மார்ச் 11, செவ்வாய்

பத்தரைக்குக் காலிங்பெல். மெர்சி வேலைக்குப் போயிருந்தாள். மாடி ஜன்னல் திரையை விலக்கினேன். டெரிக். இளைத்திருந்தான். மூன்று முறை அடித்தான். “அண்ணா” என்று ஒரு தரம். பிறகு கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றான். இடது கால் சரியாக ஊன்றவில்லையோ?

நான் இறங்கவில்லை. நிற்கட்டுமே ஒரு மணி நேரம்.

பதினொன்றேகாலுக்குப் பார்த்தேன். ஆள் இல்லை.

மார்ச் 12

ஸ்ரீராம்புரத்திலிருந்து போன். டெரிக்கின் மனைவி குளோரியா.

“மாமா, உங்க தம்பி எங்க? உங்ககிட்ட பேசணும்னு நேத்து கிளம்பினார். இன்னும் வரல. போனையும் வீட்லயே வெச்சுட்டார்.”

“எனக்கென்னம்மா தெரியும்? நான் என்ன அவனுக்குக் காவலா?”

போனை வைத்த பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. அந்தப் பதில் என்னுடையது இல்லை. அதே வசனத்தில், காயீன் சொல்வது.

மார்ச் 13

போலீஸ்காரர் வந்தார். நோட்டைத் திறந்து, “நிம்ம தம்ம எல்லி சார்?” – கன்னடத்திலும் அதே கேள்வி. இங்கே வரவே இல்லை என்றேன். காபி வைத்த மெர்சி என் முகத்தையே பார்த்தாள்.

மார்ச் 14

மத்தியானம் மெர்சி, “கேட்டுகிட்ட யாரோ நிக்கறாங்க, பாருங்க” என்றாள். போனேன். யாருமில்லை. கம்பியில் ஓரிடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது, அதுவரை யாரோ பிடித்திருந்தமாதிரி. வெயிலாக இருக்கும்.

ஆனால் அந்தக் கேட்டில் வெயிலே விழாது.

மார்ச் 15

மெர்சியிடம் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. “குளோரியாவுக்கு நீங்களே சொல்லுங்க.” சொன்னேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “இறங்கி வர எத்தனை படி மாமா?”

இத்தனை நாளும் ஸ்ரீராம்புரம் பக்கமே தேடியிருக்கிறார்கள். என் பொய்யால்.

மார்ச் 17

கிடைத்துவிட்டான். எங்கள் தெருவிலிருந்து இரண்டு கிலோமீட்டர். எங்கள் சந்தாபுராவிலேயே ஓர் ஆஸ்பத்திரி. செவ்வாயன்று பஸ் ஸ்டாப்பில் விழுந்தவனைப் பெயர் தெரியாமல் சேர்த்திருக்கிறார்கள். மூளையில் ரத்தக்கசிவு. கண் திறந்திருக்கிறது, ஆள் தெரியவில்லை.

“யார் பக்கத்துல போனாலும் கையைப் பிடிச்சுக்கறாரு சார்,” என்றாள் நர்ஸ் தாரணி. “ஆறு நாளா ஒரே பேச்சு.”

என் கையையும் பிடித்தான். “மூடாதீங்க பாஸ்டர். அண்ணன் வழியில இருக்காரு. இன்னும் கொஞ்ச நேரம்...”

குளோரியா என்னைப் பார்க்காமலே சொன்னாள். “அன்னிக்கும் இப்படித்தான் குழிகிட்ட நின்னார். இருட்டுதுன்னு பெரியவங்கதான் வற்புறுத்தி மண்ணு போட வெச்சாங்க. இதைச் சொல்லத்தான் உங்க வீட்டுக்கு வந்தது.”

“டெரிக், நான்தான்டா. வந்துட்டேன்.”

உற்றுப் பார்த்தான். “உக்காருங்க. அண்ணன் இப்ப வந்துடுவாரு.”

உட்கார்ந்தேன்.

மார்ச் 19

வேதபாடத்தை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிட்டேன்.

நாலு மணி இருக்கும். டெரிக் வார்டு வாசலைப் பார்த்துச் சிரித்தான். சின்ன வயதுச் சிரிப்பு. “அதோ, வந்தாச்சு. இப்ப மூடலாம் பாஸ்டர்.”

நான் வாசல் பக்கம் திரும்பவில்லை. என் கை அவன் கைக்குள்தான் இருந்தது.