கல் என்றால் நேற்று

இன்று காலை தோபி துணி மூட்டையை அவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். கஞ்சி மணமும் கரி இஸ்திரியின் சூடும் சேர்ந்து, அறை முழுக்க நீ வந்துவிட்டாய். நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். எல்லாவற்றிலும் போல இதிலும் தாமதம்தான்.

நீ மாடி வீட்டிலும் நான் கீழ் வீட்டிலுமாகக் குவார்ட்டர்ஸில் குடியிருந்த அந்தக் குளிர்காலத்தில் என் மகள் ஒன்றாம் வகுப்பு. நான் பி.எட். படித்தவள். ‘கல்வி பற்றிய என் தத்துவம்’ என்று நான்கு பக்கம் எழுதிப் பாராட்டு வாங்கியவள். பெற்ற பிள்ளையின் முன்னால் அந்த நான்கு பக்கமும் எதற்கும் உதவவில்லை. காய் நறுக்கும்போது அவளிடம் ஒரு கேள்வி, தலை பின்னும்போது ஒரு கேள்வி. தில்லியில் பிறந்தவளுக்குத் தமிழ் வராமலே போய்விடுமோ, தமிழ்வழிப் பள்ளியில் சேர்த்தது தப்போ என்று எனக்கு ஓயாத பயம். ஒரு நாள் பாடப் புத்தகத்தில் ‘கல்’ என்ற சொல்லைக் காட்டி அர்த்தம் கேட்டேன். ‘நேத்து’ என்றாள். தப்பு என்றேன். கொஞ்சம் யோசித்து, ‘அப்ப நாளைக்கு’ என்றாள். இந்தியில் கல் என்றால் இரண்டும்தான். அது எனக்கு உறைப்பதற்குள் என் குரல் உயர்ந்துவிட்டது.

அதன்பிறகு புத்தகத்தைத் திறந்தால் அவள் வாய் மூடிக்கொண்டது. வீட்டில் மட்டுமில்லை, வகுப்பிலும். வருஷக் கடைசியில் வாய்விட்டு வாசித்துக் காட்டாவிட்டால் இன்னொரு வருஷம் ஒன்றாம் வகுப்புதான் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். வகுப்புகூடப் போகட்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்தாலே பிள்ளை தோளைக் குறுக்கிக்கொண்டது. அதை உன்னிடம் சொல்லி அழுதேன். நீ வேர்க்கடலை உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாய்.

உன் இந்தி குவார்ட்டர்ஸ் முழுக்கப் பிரசித்தம். எத்தனை வருஷம் தில்லியில் இருந்தும் திருநெல்வேலியை விட்டு நகராத நாக்கு. அந்த வாரம் தோபியிடம், நாளைக்கு வா என்று சொல்வதாக நினைத்து, ‘கல் ஆயா, கல் ஆயா’ என்று நீ அதட்டினாய். நேற்று வந்தாய், வந்தாய் என்று ஏன் சொல்கிறாள் என்று அவன் திகைத்து, நேற்று வரவே இல்லை பீபீஜி என்று சத்தியம் செய்தான். நாளைக்கு வரமாட்டேன் என்கிறான் என்று எடுத்துக்கொண்டு, வராவிட்டால் என் சேலை எப்படிடே வரும் என்று நீ தமிழிலேயே சண்டைக்குப் போனாய். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த என் மகள் சிரித்துவிட்டாள்.

நீ அவள் பக்கம் திரும்பினாய். “ஏளா, நேத்தும் கல்லு, நாளைக்கும் கல்லுன்னா, இவனுவ எப்படித்தான் கண்டுபிடிக்கானுவ?”

அவள் எழுந்து வந்தாள். “கல் ரெண்டுக்கும் ஒண்ணுதான் சித்தி. பின்னாடி என்ன வருதுன்னு பாக்கணும். ‘ஆயா’ன்னா வந்துட்டுப் போயாச்சு. ‘ஆனா’ன்னா இனிமேதான் வரணும்.”

இலக்கணம்! அதுவும் தமிழில். வாசலில் நின்றிருந்த எனக்குத் திருத்த ஒன்றும் கிடைக்கவில்லை.

அன்று முதல் நீ அவளுக்கு மாணவி. பால்காரரிடம் என்ன சொல்ல, பஸ்ஸில் எப்படிக் கேட்க என்று நீ சந்தேகம் கேட்பாய்; அவள் விளக்கு விளக்கென்று விளக்குவாள். உனக்கு ஒன்றும் ஏறவில்லை. உங்களை ஒண்ணாங்கிளாஸ்லயே உக்கார வச்சிருவாங்க சித்தி என்று ஒருநாள் உன்னை மிரட்டினாள். “வச்சா வைக்கட்டும்ளா. ஒம் பக்கத்துல எனக்கு எடம் போடு” என்றாய். அவள் உன் மடியில் சரிந்து சிரித்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பங்குனியில் வகுப்பில் எழுந்து நின்று, தட்டுத் தடுமாறி, சத்தமாக வாசித்துவிட்டாள்.

இது என்ன தந்திரம் என்று உன்னைக் கேட்டேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. “தந்திரமா? எனக்குத் தெரியலை, கேட்டேன். நீ தெரிஞ்சு வச்சுக்கிட்டுல்லா கேக்கே. பிள்ளைக்கு அது தெரியாதாட்டி?”

நான் கேட்டதெல்லாம் பரீட்சை என்று அப்போதுதான் புரிந்தது. என் நான்கு பக்கத்தில் இந்த ஒரு வரி இல்லை. இப்போது என் தத்துவம் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்லுவேன். அந்த வருஷ மழைக்காலத்திலேயே மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. இதை உன்னிடமே சொல்ல முடியாமல் போயிற்று.

அவள் இப்போது மூன்றாம் வகுப்பு. என் பயம் எங்கேயும் போகவில்லை. கேள்வி நாக்கு நுனிக்கு வந்ததும், இதற்குப் பதில் எனக்குத் தெரியுமா என்று பார்க்கிறேன். தெரிந்தால் விழுங்கப் பார்க்கிறேன். பாதி நாள் முடிவதில்லை.

போன வாரம், சித்தி இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டாள். சாமிகிட்ட என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். “எனக்குத் தெரியலைடா. உனக்கு என்ன தோணுது?” என்றேன். சோதிக்கிறேனோ என்று என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். இல்லை என்று தெரிந்ததும் பேச ஆரம்பித்தாள். நடுநடுவே ‘ஒருவேளை’க்குப் பதிலாக ‘ஷாயத்’, ‘ஷாயத்’ என்று இந்தி வந்து விழுந்தது. குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. நான் எழுந்து போகவில்லை.