குத்துமதிப்பாகச் சொன்ன ஒன்று

இன்று ஜமுனாமரத்தூரில் வண்டியை நிறுத்திவிட்டு வடை வாங்கினேன். மடித்துக் கொடுத்த காகிதத்தில் ஒரு சுடோகு. எண்ணெய் ஊறி, பாதி எண்கள் தெரியவில்லை. சாப்பிடாமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு வருடம் நீ கண்டக்டர், நான் டிரைவர். மலைமேல் வண்டி நிற்கும் முக்கால் மணி நேரம் நான் தூங்குவேன். நீ பேப்பரும் பென்சிலுமாகக் குனிந்திருப்பாய். ஒருநாள் தூக்கம் வராமல் எட்டிப் பார்த்து, "இன்னாய்யா இது, ஜாதகமா?" என்றேன்.

"ஜப்பான்காரங்க பைத்தியமா கெடக்கற கட்டம்யா. ஒன்னுலேர்ந்து ஒம்போது வரிக்கும் போடணும். குறுக்கு வரிசையிலயும் சரி, நெடுக்கு வரிசையிலயும் சரி, சின்ன கட்டத்துலயும் சரி, ஒரு நெம்பர் ரெண்டு தபா வரக்கூடாது. அவ்ளோதான்" என்று பென்சிலை என் கையில் திணித்தாய்.

அவ்வளவுதானே என்று மடமடவென்று நிரப்பினேன். கடைசி வரிசையில் இரண்டு ஏழு வந்து நின்றன. பேப்பரைக் கசக்கப் போனேன்.

"எங்க தப்புன்னு தேடாத. எங்க குத்துமதிப்பா போட்டன்னு சொல்லு" என்றாய்.

நான் போட்ட மூன்றாவது எண்ணே குத்துமதிப்புதான். நீ கேலி செய்யவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, நிச்சயமில்லாத கட்டத்தின் ஓரத்தில் வரக்கூடிய எண்களைப் பொடியாக எழுதக் காட்டினாய். ஒரு மாதம் கழித்து முதல்முறையாக ஒன்றை முழுதாக முடித்தேன். கிளம்பும் நேரம் தாண்டி, ஜனங்கள் சத்தம் போட்டும், நீ ஒவ்வொரு வரிசையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தாய்.

அப்படிப்பட்ட நீ, அன்று மலை இறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஒரு மாதிரி கீதுய்யா" என்றாய். நான் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, "வாயுவா இருக்கும். கீழ போய் ஒரு சோடா குடி" என்றேன். நீயும் தலையாட்டினாய். ஆலங்காயத்தில் ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் வண்டியை ஓட்டினேன். பஸ் ஸ்டாண்டில் சோடா குடித்தாய். வாணியம்பாடி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வாயு என்று நான் சொன்னதை உன் பெண்சாதியிடம் சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.

போன வாரம் புது கண்டக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஒன்னும் இல்லண்ணே, வாயுதான்" என்றான். நான் கேட்கவில்லை. வண்டி நிறைய ஆட்களோடு ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். டாக்டர் பார்த்துவிட்டு வாயுதான் என்றார்.

"பஸ் ஓட்றியா, ஆம்புலன்ஸ் ஓட்றியா?" என்று ஒரு பெரியவர் ஆரம்பிக்க, எல்லோரும் சேர்ந்து திட்டினார்கள். அவன் சிரித்துக்கொண்டே விசில் ஊதினான். எனக்குத்தான் கண்ணை மறைத்தது. துடைத்துக்கொண்டு, கொஞ்சம் பொறுத்துத்தான் வண்டியை எடுத்தேன்.