கடல் அர்ச்சின் பாடமும் திருச்சி ரிசல்ட்டும்

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்தே காத்து. வகுப்பு முழுக்கப் புழுதி. ப்ளஸ் டூ விலங்கியல், கருவுறுதல் பாடம். பொம்பளப் புள்ளைங்க, நடத்தாம விட்டுடுங்கன்னு ஹெச்.எம். சொல்லியிருந்தாங்க. நடத்திட்டேன். கல்யாணமான புதுசுல அவர் சுரங்க ஆபீஸிலிருந்து கொண்டாந்து குடுத்த கல் அர்ச்சினை எடுத்துட்டுப் போனேன். அரியலூரே ஒரு காலத்துல கடல். அதுல கிடந்து கல்லாப் போன, முள்ளுப் பந்து மாதிரி உயிர். மேல அஞ்சு இதழ் பூ மாதிரி கோடு.

முட்டையையும் விந்தணுவையும் அது கடல் தண்ணியிலதான் விடும்னேன். ஒரு பொண்ணு கேட்டா: "அவ்ளோ பெரிய கடல்ல முட்டை இருக்கிற இடம் விந்தணுவுக்கு எப்படி டீச்சர் தெரியும்?"

எம்.எஸ்ஸி.யில கடலோர லேப்ல பார்த்தது, படிச்சது எல்லாம் சொன்னேன். முட்டையைச் சுத்தி இருக்கிற கூழிலிருந்து ஒரு ரசாயனம் தண்ணியில பரவும். விந்தணு வட்டம் வட்டமா நீந்தும். ரசாயனம் கூடிக்கிட்டே வந்தா நேராப் போவும். குறைஞ்சா சட்டுனு திரும்பும். கண்ணு கிடையாது, காது கிடையாது. அப்படியே போய்ச் சேரும்.

ஸ்டாஃப் ரூம்ல என் முதுகுக்குப் பின்னால ஒரு குரல்: "புள்ள இல்லாதவளுக்கு இந்தப் பாடத்து மேலதான் ஆசை."

திரும்பிப் பார்க்கல.

ஜூலை 16, புதன்

அரை நாள் லீவு. அத்தையோட பெரம்பலூர். நாலாவது டாக்டரம்மா. எனக்கு ஒரு குறையும் இல்லையாம். வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கன்னாங்க.

திரும்பி வர்ற பஸ்ல அத்தை முன் சீட்டு வரைக்கும் கேக்குற மாதிரி பேசிட்டு வந்தாங்க. அவங்க வம்சத்துல ஆம்பளைக்குக் குறை வந்ததே இல்லையாம். ஆடி கழியட்டுமாம். திருமழபாடியில இருக்கிற அவங்க தம்பிக்கு ஒரு பொண்ணு இருக்காம்.

ஜன்னல் கம்பி சுட்டுச்சு. கையை எடுக்கத் தோணல.

ஜூலை 18, வெள்ளி

அவர்கிட்ட சொன்னேன். மொதல்ல கோவம். சாப்பிடல. சாயந்திரம் அவரே வந்து, திருச்சின்னா வரேன், யாருக்கும் தெரியக் கூடாதுன்னார்.

ஜூலை 22, செவ்வாய்

திருச்சி. தூறல்.

அவருக்கு விந்தணு ஒண்ணுகூட இல்லையாம். டாக்டர் சீட்டைத் திருப்பிக் காட்டினார். மருந்தும் இல்லன்னார்.

லால்குடி தாண்டுற வரைக்கும் அவர் வெளியவே பார்த்துக்கிட்டு வந்தார். அப்புறம் மெதுவா, "அம்மாகிட்ட சொல்லிடாத."

தலையாட்டினேன். பாவமா இருந்துச்சு. தலையாட்டினப்புறந்தான் உறைச்சுச்சு. இனி எந்த டாக்டர்கிட்டப் போனாலும் நாந்தான் போவணும்.

ஜூலை 26, சனி

கல்லங்குறிச்சி. பெருமாளைக் கும்பிடத்தான்னு அத்தை சொன்னாங்க. போனா திருமழபாடித் தம்பி குடும்பம் நிக்குது. பொண்ணு செல்வி, பத்தொன்பது வயசு, புதுத் தாவணி. செல்வியைக் காட்டத்தான் கூட்டிட்டு வந்திருக்காங்கன்னு அப்பத்தான் புரிஞ்சது. அவர் தெரிஞ்சேதான் வந்திருக்கார். செருப்பு விடுற எடத்துலயே நின்னுட்டார்.

குழாயடியில கால் கழுவுறப்ப செல்வி பக்கத்துல வந்தா. "அக்கா, உங்களுக்குச் சம்மதமா?"

என்னையக் கேட்ட ஒரே ஆள்.

சொல்லிட்டேன். "நீ வந்தாலும் பொறக்காது செல்வி. குறை எங்கிட்ட இல்ல. அப்புறம் உன்னையும் டாக்டர் டாக்டராக் கூட்டிட்டுப் போவாங்க."

செல்வி ஈரக் காலோடயே நேரா அவங்கப்பாகிட்டப் போனா. எனக்கு வேணாம்னு மட்டுந்தான் சொன்னா. காரணம் கேட்டு அடிச்சார். சொல்லல.

ஜூலை 27, ஞாயிறு

வெயில். துணி ஊற வச்சது அப்படியே கெடக்கு.

செல்வி மனசை நான் கலைச்சுட்டேனாம். காலையிலேர்ந்து அத்தைக்கு இதான் பேச்சு. அவர் எங்கிட்டப் பேசல. செல்விகிட்ட என்ன சொல்லியிருப்பேன்னு அவருக்குத் தெரியும்.

மத்தியானம் சாப்பாட்டுல அத்தை, ஜெயங்கொண்டத்துல இன்னொரு எடம் இருக்கு, சொல்லி அனுப்பவான்னு கேட்டாங்க. நான் அவர் முகத்தையே பார்த்தேன். சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தார்.

"ஆவணியில பாத்துக்கலாம்மா"ன்னார்.

ரசம் ஊத்தினேன்.