நெத்திலிக்கு மேலே தொங்கிய ரிப்பேர் டிஸ்க்

தூத்துக்குடி,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் செல்வினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நான் சுகம், அப்பா சுகம், அப்பாவுடைய கம்ப்யூட்டரும் நேற்றிலிருந்து சுகம். அங்கே ஆக்லாந்தில் நீயும் ஜெபசுதாவும் இதே சுகத்தோடு இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்தம் சொல்லுவார். அவர் உனக்கு வாட்ஸப்பில் அனுப்பிய பதினோரு நிமிஷ ஆடியோவை அப்படியே நம்பிவிடாதே, அதில் குற்றவாளி நான் ஒருத்திதான்.

போன வியாழக்கிழமை காலையில் அப்பா வழக்கம்போல் சுயசரிதை எழுத உட்கார்ந்தார், கம்ப்யூட்டர் கருப்புத் திரையில் இங்கிலீஷில் என்னமோ சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டின மனுஷர், முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். மூன்று வருஷமாக ஒற்றை விரலில் தட்டி எழுதின புத்தகம் அந்த ஒரே டப்பாவில்தான் இருக்கிறது. நகல் எடுத்து வைக்கவும் விடமாட்டார், யாராவது படித்துவிடுவார்களாம். நான் காப்பி கொண்டுபோனால்கூடத் துண்டை எடுத்துத் திரையில் போர்த்துவார். கம்ப்யூட்டர் கடை கிளைட்டனுக்குப் போன் போட்டேன். இது பழைய விண்டோஸ் செவன் ஆன்ட்டி, ஃபார்மட் போட்டுட்டுப் புதுசு ஏத்திரலாம் என்றான். ஃபார்மட் என்ற வார்த்தையைக் கேட்டதும் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சரி, அவன் உங்கள் சிநேகிதர் ஹென்றி மகன்தானே, பத்திரமாகப் பார்த்துக்கொள்வான், கொண்டுபோய்க் கொடுப்போம் என்றேன். ஏளா உனக்கென்ன கிறுக்கா, மூணாவது அதிகாரம் பூரா ஹென்றியத்தான் கிழிச்சு வச்சிருக்கேன் என்கிறார்.

அப்போதுதான் நீ செய்ய வைத்த ரிப்பேர் டிஸ்க் ஞாபகம் வந்தது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வீடியோ காலில் வந்து, ஸ்டார்ட்டை அமுக்குங்க, பேக்கப்புக்குப் போங்க, இடது பக்கம் பாருங்க என்று தொண்டை வற்றச் சொல்லி, வெற்று டிவிடி ஒன்றைப் போட வைத்தாயே, அதுதான். என்றைக்காவது விண்டோஸ் எழும்பாவிட்டால் இதைப் போட்டு எழுப்புங்கள் என்றாய். அப்பா அதன்மேல், கல்லறையிலிருந்து எழும்பினவர் பேர்தான் பொருத்தம் என்று மார்க்கர் பேனாவால் லாசரு என எழுதி, கன்வென்ஷன் பிரசங்க சிடிகள் இருக்கிற பெட்டிக்குள் வைத்தார். லாசரு எங்கே என்று அவர் கேட்டபோது நான் மாடிப்படியைப் பார்த்தேன். ஏனென்றால் போன மாதம் மொட்டை மாடியில் நெத்திலி காயப்போட்டபோது காக்காய் தொல்லை தாங்காமல் அந்தப் பெட்டியில் இருந்த அத்தனையையும் நூலில் கோத்துக் கொடியில் தொங்கவிட்டது நான்தான். எழுதின பக்கத்தை யார் பார்த்தது, எல்லாம் ஒரே மினுமினுப்பு. அப்பாவும் நானும் மாடிக்கு ஓடி ஒவ்வொன்றாய்ப் பிடித்துப் பார்த்தோம். பதினாலு பிரசங்கியார் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தார்கள், லாசருவைக் காணோம். நாலு நாள் மூலைமுடுக்கெல்லாம் தேடி, நேற்றுக் காலையில்தான் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் ஜெனிலா மூன்று சிடி கேட்டு வாங்கிப்போனது நினைவுக்கு வந்தது.

உடனே அவள் இருக்கிற திரேஸ்புரத்துக்கு ஸ்கூட்டரில் போனோம். லாசரு அங்கே ஒரு கம்பில் தொங்கி ஜெனிலாவின் கருவாட்டுக்கு மேலே ஜம்மென்று ஆடிக்கொண்டிருந்தார். அவள் தர மாட்டேன் என்றுவிட்டாள். மத்த ரெண்டையும் காக்கா மதிக்கவே மாட்டேங்கு அக்கா, இதுக்குத்தான் பயப்படுது என்கிறாள். அப்பா பத்து நிமிஷம் நின்று அந்த டிஸ்க்கின் அருமை பெருமையை விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கம்ப்யூட்டர் போனா வேற வாங்கலாம் அண்ணாச்சி, இவ்வளவு கருவாடும் போனா எனக்கு யாரு தருவா என்றாள். நியாயம்தானே. கடைசியில் அப்பா ஸ்கூட்டரின் வலது பக்கக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்து லாசருவை மீட்டார். அதனால் இப்போது வண்டியில் வலது பக்கம் யார் வருகிறார்கள் என்று நான்தான் திரும்பிப் பார்த்துச் சொல்லுகிறேன்.

டிஸ்க்கை சோப்புத் தண்ணீரில் கழுவி அப்பா வேட்டியால் துடைத்துப் போட்டோம். திரையில் ஏதாவது ஒரு பட்டனை அமுக்கு என்று ஒரு வரி வந்தது. அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டு, வரியை முழுதாகப் படித்து, சரி அமுக்குவோம் என்பதற்குள் போய்விட்டது. மூன்று தரம் இப்படியே. நாலாந்தரம் அவரை நகரச் சொல்லிவிட்டு நானே ஸ்பேஸ் பாரில் விரலை வைத்துத் தட்டிக்கொண்டே இருந்தேன். கோடு நகர்ந்தது, ஸ்டார்ட்டப் ரிப்பேர் என்றது, அரை மணி நேரம் ஓடியது. அப்பா கீர்த்தனை பாட ஆரம்பித்துவிட்டார். விண்டோஸின் அந்த நாலு கலர் கொடி வந்து நின்றதும் அழுதார். நானும் அழுதேன், இதில் என்ன வெட்கம். அறை முழுக்க நெத்திலி வாசம், பக்கத்து வீட்டுப் பூனை நேற்றிலிருந்து சிபியூவை விட்டு இறங்கவில்லை.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். சந்தோஷத்தில் அப்பா துண்டு போர்த்த மறந்து புத்தகத்தைத் திறந்தார், நான் பின்னால் நின்று கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறார், அதில் அவருக்கு இன்னும் பதினோரு வயசுதான் ஆகிறது. நாசரேத் பள்ளிக்கூடத்தில் பென்சில் காணாமல் போனதே பதினாலு பக்கம். நான் எங்கே என்று கேட்டேன். நீ இருபத்தேழாவது வயசுலதான வாரே, பொறு என்கிறார். கணக்கு டீச்சர் சும்மா இருப்பேனா. இந்த வேகத்தில் போனால் நான் வந்து சேர இன்னும் நாலு வருஷம் நாலு மாசம். என்னைப் பற்றி என்ன எழுதுவார் என்று தெரியாமல் நான் கண்ணை மூடத் தயாராக இல்லை. அதனால் நேற்றே அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை டப்பாவில் கிழமை எழுதி வைத்தேன். வீட்டில் மிச்சமிருந்த டிவிடியில் இன்னொரு லாசருவும் செய்து என் பைபிள் உறைக்குள் வைத்திருக்கிறேன்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, ஜெபசுதாவை நைட் ஷிப்ட் முடிந்து தனியாக வரவிடாதே. உடன்குடி கருப்பட்டி பார்சலில் போட்டிருக்கிறேன், எறும்பு வராமல் மூடி வை. டிசம்பரில் வரும்போது சாக்லேட் வேண்டாம், வெற்று டிவிடி ஒரு கட்டு கொண்டுவா, மறந்துவிடாதே. போகும்போதும் வரும்போதும் கர்த்தர் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் கதைக்குள் வராத உன் அம்மா,
அற்புதமணி ஞானையா