ஏழு பேர் வண்டி

ஜூலை 9, 2023. ஞாயிறு

சைகோனுக்கு வெளியே குச்சி என்கிற ஊரிலிருந்து வீடு திரும்பும்போது இன்றைக்கும் அதே கூத்து. ஆப்பில் ஏழு சீட் வண்டி கேட்டால் வந்து நின்றது சின்னக் கார். "நெருக்கி உட்காருங்க, போயிடலாம்" என்றான் டிரைவர். நான், என் மகள் வேதா, என் கணவர் ஆந்த்ரேயின் மகன் இக்னாஸ், மடியில் ஒரு பலாப்பழம், காலடியில் ஒரு மூட்டை மரவள்ளிக்கிழங்கு. வயிற்றில் மூன்று மாதம் வேறு. பாதி வழியில் குமட்டல் எடுத்து, ஜன்னலைத் திறந்தால் மழை.

ஆந்த்ரே மோட்டார் சைக்கிளில். பின்னால் அவருடைய மூத்தவள் மாரி-ரோஸ். காரில் ஏறு, இடம் இருக்கிறது என்று கெஞ்சினேன். "வேண்டாம், கோ" என்று வியட்நாமியத்தில் சொல்லி ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டாள். கோ என்றால் அத்தை. டீச்சரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. நான் அத்தையா டீச்சரா என்று இன்னும் தெரியவில்லை. வீட்டுக்குள் வரும்போது அவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பதினாலு வயது. என்னோடு ஒரு மணி நேரம் காரில் வருவதைவிட நனைவது மேல் போலிருக்கிறது.

ஞாயிறுதோறும் குச்சிக்குப் போவது இந்த வீட்டின் சட்டம். ஆந்த்ரேயின் முதல் மனைவி ஹன்னின் அப்பா அங்கே தனியாக இருக்கிறார். ஓங், அதாவது தாத்தா என்று கூப்பிடுகிறோம். ஹன் ரோட்டு விபத்தில் போன பிறகு அவருக்கு இந்தப் பிள்ளைகளைத் தவிர யாரும் இல்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. போகிற விதத்தில்தான் வருத்தம்.

சொல்லிவிட்டேன். பிள்ளை பிறப்பதற்குள் ஏழு பேர் உட்காருகிற வண்டி ஒன்று வேண்டும். நாம் ஆறு பேர், ஓங்கோடு ஏழு. ஆந்த்ரே "பார்ப்போம்" என்றார். அந்தப் "பார்ப்போம்" இருக்கிறதே...

ஜூலை 15, சனி

ஷோரூமுக்குப் போனோம். விற்கிற பெண் சிரித்துக்கொண்டே, "எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டாள். "மூன்று, இன்னொன்று வரப்போகிறது" என்றார் இவர். மாரி-ரோஸ் போனைப் பார்த்தபடி வியட்நாமியத்தில், "எங்கள் வீட்டில் ரெண்டு" என்றாள். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. எனக்கும்தான்.

இக்னாஸும் வேதாவும் கடைசி வரிசையில் ஏறிக் குதித்தார்கள். மாரி-ரோஸ் கடைசிவரை நடைபாதையில்தான் நின்றாள்.

இவர் பண்ணியதை என்ன சொல்ல! கதவைத் திறந்து திறந்து சாத்தினார். பின் சீட் பெல்ட்டை இழுத்து இழுத்துப் பார்த்தார். கடைசி வரிசைக்கு ஏர்பேக் உண்டா, பக்கவாட்டில் இடித்தால் எந்தத் தகடு முதலில் மடங்கும்— அந்தப் பெண் மேனேஜரைக் கூப்பிட்டாள். மேனேஜர் இன்னொருவரைக் கூப்பிட்டார். கடைசியில் இவர், "விலை ஜாஸ்தி." விலைதான் வாசலிலேயே எழுதித் தொங்குகிறதே!

ஜூலை 19, புதன்

இவருடைய ஃபாக்டரியில் சேஷாசலம் என்று ஒருவர் இருக்கிறார், கும்பகோணத்துக்காரர். ஊரிலிருந்து யார் வந்தாலும் அவருக்கு ஒரே பதில்: "இன்னோவா வாங்குங்க, கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க. பழசானாலும் பரவாயில்லை." சரி, ஒருவழியாக ஒரு முடிவு வந்தது என்று நினைத்தேன். போகும்போது, "ஆனா இப்ப ஆடி மாசம். ஆவணி பொறக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

இவர் வந்து அதை என்னிடம் வேதவாக்கு மாதிரி ஒப்பிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிடாத மனிதர்! மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறவர்! இவருக்கு எப்போதிலிருந்து ஆடி மாதம்?

ஜூலை 30, ஞாயிறு

தலைசுற்றல். குச்சிக்கு நான் போகவில்லை. வண்டிப் பேச்சும் இல்லை. நிம்மதி.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

பின் சான் என்கிற இடத்தில் ஒருவர் வண்டி விற்கிறார் என்று நானே தேடிப் பிடித்தேன். படத்தில் பளபளவென்று இருந்தது. நேரில் அதைவிடப் பளபளப்பு. உள்ளே டாஷ்போர்டிலும் சீட்டுக்கடியிலும் கட்டுக்கட்டாகத் தாழை இலை, இந்த ஊரில் பாயசத்தில் மணத்துக்குப் போடுவார்களே அது. இங்கே டாக்ஸிக்காரர்களும் வாசனைக்கு ஒரு கட்டு வைப்பார்கள். இது பாயசம் வைக்கிற அளவுக்கு இருந்தது. எனக்கு அந்த வாசனை பிடித்தது. விலையும் பிடித்தது. வாங்கிவிடலாம் என்று கண்ணைக் காட்டினேன்.

ஆந்த்ரே பின்பக்கத்தைத் திறந்து, ஸ்டெப்னியைத் தூக்கி, அந்தக் குழிக்குள் விரலை விட்டார். சேறு. காய்ந்த ஆற்றுச் சேறு. வண்டி போன மழையில் மூழ்கி எழுந்தது, அந்த நாற்றத்தை மறைக்கத்தான் இத்தனை தாழை. விற்கிறவர் முகம் மாறவில்லை. "சைகோனில் எந்த வண்டிதான் நனையவில்லை?" என்றார்.

இந்த ஒரு விஷயத்தில் இவர் சொன்னது சரி. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் திரும்பி வரும் வழியில் என்னவோ பரீட்சை பாஸானவர் மாதிரி விசிலடித்தாரே, அதுதான் எரிச்சல். வண்டி கிடைக்காததில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு சந்தோஷமா?

ஆகஸ்ட் 17, வியாழன்

ஆடி இன்றோடு முடிகிறது. கிளம்பலாமா என்று கேட்டேன்.

"நேத்திலிருந்து இங்கே பேய் மாசம்" என்றார்.

வியட்நாம்காரர்களுக்கு ஏழாம் மாதம் பேய்கள் ஊர் சுற்றுகிற மாதமாம். அந்த மாதத்தில் யாரும் வண்டி வாங்க மாட்டார்களாம், ஓங் சொன்னாராம். அதனாலேயே கடைக்காரர்கள் விலையைக் குறைப்பார்கள் என்று அதே ஓங் முன்பு ஒருதரம் சொல்லியிருக்கிறார். ஞாபகப்படுத்தினேன். செப்டம்பர் நடுவில்தான் முடியுமாம். அடுத்தாற்போலப் புரட்டாசி வந்துவிடும், அதற்கும் ஏதாவது வைத்திருப்பார். ரெண்டு ஊர்ப் பஞ்சாங்கமும் சேர்ந்துகொண்டு என் கழுத்தை அறுக்கிறது.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

குச்சியிலிருந்து வரும்போது நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கிவிட்டது. மழைத்தண்ணீரில் எண்ணெய். ஆந்த்ரேக்கு முழங்கையில் சிராய்ப்பு. மாரி-ரோஸின் பேண்ட் கிழிந்து முழங்காலில் ரத்தம். பின்னால் வந்த லாரிக்காரன் பிரேக் போட்டதால் பிழைத்தார்கள்.

கத்திவிட்டேன். பிள்ளைகள் முன்னால்தான். "வண்டி வாங்க வக்கில்லையா, மனசில்லையா? ஆடின்னீங்க, பேயின்னீங்க, இன்னும் எதைச் சொல்லித் தள்ளிப் போடப் போறீங்க? இந்தப் புள்ளைங்க செத்தாத்தான் வாங்குவீங்களா?"

அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. வாய் வந்துவிட்டது.

இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாரி-ரோஸ்தான், முழங்காலில் பஞ்சை அழுத்திக்கொண்டே, தமிழில் சொன்னாள்: "பப்பாவைத் திட்டாதீங்க." அவள் என்னிடம் தமிழில் பேசியது இதுதான் முதல் தடவை. அதுவும் இதற்கு.

செப்டம்பர் 10, ஞாயிறு

எங்கள் பங்குக்கோவிலுக்குப் பின்னால் இருக்கிற கன்னியர் மடத்தில் பழைய இன்னோவாவை விற்கிறார்கள். சிஸ்டர்கள் நிறையப் பேர் ஆகிவிட்டதால் பெரிய வண்டி வாங்கிவிட்டார்கள். பூசை முடிந்ததும் எல்லோரையும் அங்கே இழுத்துப் போனேன். பேய் மாசமாவது ஒன்றாவது.

வண்டியை வெளியே எடுத்து வந்த சிஸ்டர், "நாற்பதுக்கு மேல் இது போனதே இல்லை" என்றார். சீட்டில் ஒரு கிழிசல், மற்றபடி சுத்தம். ஆந்த்ரே ஸ்டெப்னிக் குழி, பெல்ட், எல்லாம் பார்த்தார். ஒரு குறையும் அகப்படவில்லை. அவர் முகம் வாடியதை நான் பார்த்தேன்.

"ஓட்டிப் பாருங்களேன்" என்று சிஸ்டர் சாவியை நீட்டினார். இவர் வாங்கவில்லை. நான் வாங்கி இவர் கையில் திணித்தேன். ஏறினார். நான் பக்கத்து சீட்டில் உட்காரப் போனேன். "வேண்டாம், நீ ஏறாதே" என்றார். குரலே வேறு மாதிரி இருந்தது. தனியாக மடத்து முற்றத்தைச் சுற்றி கேட் வரைக்கும் ஓட்டினார். கேட்டில் நின்றது. அப்படியே நின்றது. ஹாரன் இல்லை, ஒன்றுமில்லை. என்ன இது, எல்லார் முன்னாலும் மானத்தை வாங்குகிறாரே என்று நான் வேகமாக நடந்தேன்.

மாரி-ரோஸ் என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கோ, போகாதீங்க. பப்பாவுக்கு அப்படித்தான் ஆகும்."

"எப்படி ஆகும்?"

"அம்மா கார்லதான் செத்தாங்க. பப்பா ஓட்டினார். அம்மா முன்னாடி. நான் பின்னாடி."

ரோட்டு விபத்து என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். இந்த ஊரில் ரோட்டு விபத்து என்றால் மோட்டார் சைக்கிள் என்று நானே நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. துக்கத்தைக் கிளறக் கூடாது என்று கேட்கவில்லை. இந்தப் பெண் என்னோடு காரில் ஏறாததற்கு நான் என்னவெல்லாம் காரணம் வைத்திருந்தேன்!

கேட்டில் கதவைத் திறந்து இறங்கினார் இவர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

செப்டம்பர் 11, திங்கள்

இன்றைக்குத்தான் பேசினார். பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு பேசினோம், வீட்டில் பிள்ளைகள். லாரி எதிர்ப்பக்கம் வந்து இடித்தது. அவர் மேல் தப்பில்லை என்று போலீஸே எழுதியிருக்கிறது. "தப்பில்லைன்னு எனக்கும் தெரியும், அந்துவானேத். கால் கேக்க மாட்டேங்குது" என்றார். மோட்டார் சைக்கிளில் பயமில்லையாம், அதில் ஹன்னை எத்தனையோ தடவை பத்திரமாகக் கொண்டு போய்ச் சேர்த்திருக்கிறாராம். இதில் என்ன கணக்கு? ஒரு கணக்கும் இல்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் கேட்கத் தோன்றவில்லை.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, உன் பொண்ணை என்கூட எப்படி விடுவே?"

கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ரெண்டு மாதம் ஷோரூம் ஷோரூமாக அலைந்திருக்க மாட்டேன். அந்த மேனேஜரையும் பாடுபடுத்தியிருக்க மாட்டோம்.

செப்டம்பர் 17, ஞாயிறு

வாங்கிவிட்டோம். சிஸ்டர்கள் வண்டிதான். ஓட்டப்போவது நான். காரைக்காலில் கல்யாணத்துக்கு முன்பு அப்பாவின் மாருதி வேனை ஓட்டியிருக்கிறேன். இங்கே லைசென்ஸ் மாற்றித் தர இன்னும் மூன்று வாரம் ஆகுமாம். ஆந்த்ரே சம்மதித்தார். டாக்டரும் சரி என்றார், வயிறு ஸ்டியரிங்கில் இடிக்கிறவரைக்கும்.

அக்டோபர் 8, ஞாயிறு

ஃபாக்டரி மைதானத்தில் பழகுகிறேன். ஊரில் இடது பக்கம் போய்ப் பழகிய கை. இங்கே எல்லாமே தலைகீழ். திரும்புவதற்கு விளக்குப் போட்டால் வைப்பர் ஆடுகிறது. நல்ல வெயிலில் கண்ணாடி துடைத்துக்கொண்டே மைதானத்தைச் சுற்றினேன். குச்சியிலிருந்து வந்திருந்த ஓங் வேலியோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வைப்பர் ஆடும் போதெல்லாம் "மழை! மழை!" என்று கை தட்டினார். அவருடைய மகள் உயிர்விட்ட மாதிரி ஒரு காரில் நான் பழகுகிறேன். அதற்கு வந்து உட்கார்ந்து சிரிக்கிறாரே என்று தோன்றியது. பிறகு பார்த்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்துத்தானா, தெரியவில்லை.

அக்டோபர் 29, ஞாயிறு

முதல் தடவை ரோட்டில், குச்சி வரைக்கும். நாலு பக்கமும் மோட்டார் சைக்கிள். முட்டைத் தட்டுகள், கேஸ் சிலிண்டர், ஒரு கட்டில், எல்லாம் என் கண்ணாடியை உரசிக்கொண்டு போகின்றன. வேதாவும் இக்னாஸும் பின்னால் பாட்டு. ஆந்த்ரே மோட்டார் சைக்கிளில் எனக்கு முன்னால், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே. ரோட்டைப் பாருங்களேன் என்று உள்ளேயிருந்து கத்தினேன். அவருக்கு எங்கே கேட்கப் போகிறது!

திரும்பும்போது மாரி-ரோஸ் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். ரெயின்கோட் மாட்டவில்லை. "கோ, நான் நடு சீட்டில் உட்காரலாமா?" என்றாள். நான் பெரிய விஷயமாக்கவில்லை. "பெல்ட் போடு" என்றேன். பாதி வழியில் ஹொக் மோன் வரும்வரை அவள் கை என் சீட்டின் முதுகைப் பிடித்தபடியே இருந்தது, எனக்குத் தெரிந்தது.

டிசம்பர் 24, ஞாயிறு

வயிறு இடிக்கிறது. ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டி கீழே சும்மா நிற்கிறது. மறுபடி ஆப், மறுபடி சின்னக் கார். எல்லோரும் நாளைக்கு இவர் ஓட்டுவார், நாளைக்கு ஓட்டுவார் என்று பார்க்கிறோம், யாரும் கேட்பதில்லை. இந்த மாதிரி கேட்காமல் இருப்பது எனக்கு வராத வேலை. பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

ஜனவரி 18, 2024. வியாழன்

மகன். ஞாயிறு காலையில் பிறந்தான், ஆஸ்பத்திரிக்கு டாக்ஸியில் போனோம். இன்றைக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

மாடியிலிருந்து சக்கர நாற்காலியில் இறங்கி வந்தால் வாசலில் நிற்பது எங்கள் வண்டி. டிரைவர் சீட்டில் ஆந்த்ரே. பக்கத்தில், முன் சீட்டில், மாரி-ரோஸ், ஸ்கூல் யூனிஃபார்மோடு. வீட்டிலிருந்து அவர்கள் இரண்டு பேர் மட்டும் வந்திருக்கிறார்கள். எப்படி வந்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். மாரி-ரோஸ் தலையை லேசாக அசைத்தாள். கேட்கவில்லை.

பின்னால் பிள்ளையோடு உட்கார்ந்தேன். என்ன வேகம் என்கிறீர்கள்? தள்ளுவண்டியில் ரொட்டி விற்கிற அம்மாள் எங்களைத் தாண்டிப் போனாள். பின்னால் ஒரே ஹாரன். ஒவ்வொரு சந்திலும் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, மறுபடி பார்த்து— எனக்குத் தையல் வலி, பிள்ளைக்குப் பசி, இந்தப் போக்கில் போனால் அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயதில்தான் வீடு வரும் போலிருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

மாரி-ரோஸ் ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தாள்: "வலது பக்கம் ஒரு பைக், பப்பா. போயிடுச்சு. இப்ப போகலாம். ஆங், அப்படித்தான்."

வீட்டு வாசலில் நிறுத்தி எஞ்சினை அணைத்தார். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கை விடவில்லை. பிறகு திரும்பி, பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பெட்ரோல் கம்மியா இருக்கு," என்றார். "நாளைக்கு நான் போய்ப் போட்டுட்டு வந்துடறேன்."