பச்சைக் குடைக்காரியின் குரல்

பிப்ரவரி 3, செவ்வாய்

குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. குழாய்க்காரர் வியாழக்கிழமை வருவதாகச் சொன்னார். எந்த வியாழன் என்று சொல்லவில்லை.

மதியம் ஆஹா கூப்பிட்டார். பழைய நிறுவனத்தின் தயாரிப்பு மேலாளர். நல்ல சத்தத்துக்கும் ஆஹா என்பார், நாராசத்துக்கும் ஆஹா என்பார். அதனால் அந்தப் பெயர். நாங்கள் செய்த அந்த விளையாட்டு வெளியாகிப் பத்து வருஷம் ஆகிறதாம். படத்தைப் புதுப்பித்து, ஒலியைத் துலக்கி மறுபடி வெளியிடப் போகிறார்களாம்.

"பழைய ஒலியெல்லாம் உங்க கை பட்டதுதானே. நீங்களே சுத்தம் பண்ணிக் குடுத்துடுங்க. அப்புறம் சிறப்பு மலருக்கு ஒரு பக்கம் எழுதணும். அந்த நாட்களைத் திரும்பிப் பாக்கற மாதிரி, கொஞ்சம் இனிமையா."

இனிமையா.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஐந்தே நிமிஷத்தில் நானே கூப்பிட்டுச் சரி என்றேன். எனக்கு முதுகெலும்பு எப்போது இருந்தது?

பிப்ரவரி 5, வியாழன்

குழாய்க்காரர் வரவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

அலுவலகத்தில் அந்த விளையாட்டை 'ஊர்' என்றுதான் சொல்வோம். முழு நகரம் ஒன்றைக் கட்டியிருந்தோம். ஆடுகிறவன் எந்தத் தெருவிலும் போகலாம், எந்த வாசலிலும் நுழையலாம். திருடலாம், கார் கடத்தலாம், கண்ணில் பட்டவரை எல்லாம் அடிக்கலாம், கொல்லலாம். செய்யாமலும் இருக்கலாம், ஆனால் செய்யாமல் இருப்பவனுக்கு ஊரில் நாங்கள் ஒன்றுமே வைக்கவில்லை.

வெளிவந்தபோது பாதிப் பேர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். மீதிப் பேர் காறித் துப்பினார்கள். ஆசிரியர் சங்கம் தடை கேட்டது. வானொலியில் விவாதம் வைத்தார்கள். ஒரு பெண் பேசினால் எடுபடும் என்று நிறுவனம் என்னை அனுப்பியது. அந்தப் பதிவை இன்று தேடிப்பிடித்துக் கேட்டேன்.

"அதுல யாருக்கும் நெஜமா வலிக்கலைங்க. ஈரத் துண்டை மேசையில அடிச்சா அதுதான் உதை. முட்டைக்கோஸைச் சுத்தியலால ஒரு போடு போட்டா அதுதான் மண்டை."

எல்லோரும் சிரிக்கிறார்கள். எதிர்த்துப் பேச வந்த ஆசிரியர்கூடச் சிரிக்கிறார். என் குரலில்தான் என்ன ஒரு மிதப்பு. அந்த வாயிலேயே ஒன்று போட வேண்டும் போலிருந்தது.

பிப்ரவரி 10, செவ்வாய்

தெருவில் நடப்பவர்களின் குரல்களை இன்று எடுத்தேன். கதையின் முக்கிய ஆட்களுக்குத்தான் நடிகர்கள். தெருவில் போகிறவர், வருகிறவர் எல்லாம் அலுவலகத்து ஆட்களும் அவர்களுடைய சொந்தபந்தங்களும். வரவேற்பறைப் பெண்ணின் மாமனார்தான் எங்கள் குடிகாரன். வாழ்க்கையில் ஒரு சொட்டுத் தொடாத மனிதர்.

பச்சைக் குடைக்காரி என் அக்கா.

பேருந்து நிறுத்தத்தில் பச்சைக் குடையோடு நிற்கும் ஒரு பெண். கதையில் அவளுக்கு வேலையே இல்லை. ஆனால் ஆட்டக்காரர்கள் தேடிப் போய் அவளை அடிப்பார்கள். அடித்தால் கெஞ்சுவாள். அந்தக் கெஞ்சலைக் கேட்பதற்காகவே அடிப்பார்கள். அதை வெட்டிப் பாட்டோடு சேர்த்தார்கள், சிரிப்புப் படங்களில் ஒட்டினார்கள். ஒருநாள் ரயிலில் யாருடைய கைப்பேசியோ அடித்தது. அழைப்பொலியாக அந்தக் கெஞ்சல். என் வேலைக்குக் கிடைத்த பாராட்டு என்று அன்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 14, சனி

எழுதிவிடுகிறேன். பத்து வருஷமாக இந்த நோட்டில்கூட எழுதாதது.

அக்கா பதிவுக்கு வந்த அன்று நாற்பது வரி பேசினாள். 'பாத்துப் போங்க.' 'கண்ணு தெரியாதா?' 'யாராவது வாங்களேன்.' பாதி வரிகளில் சிரித்துவிட்டாள். கத்தச் சொன்னால் கூச்சம். நான் கண்ணாடி அறைக்குள் போய் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "இதுக்குள்ள என்ன கத்தினாலும் வெளிய ஈ காக்காய்க்குக் கேக்காது. தைரியமா கத்து, அக்கா."

கடைசியில் ரூம் டோன். எந்தப் பதிவு முடிந்தாலும், ஆளை அசையாமல் உட்காரவைத்து, அறையின் வெறும் அமைதியை ஒரு நிமிஷம் பதிவோம். வெட்டி ஒட்டும் இடங்களில் நிரப்ப அது வேண்டும். "நான் சொல்ற வரைக்கும் சும்மா உக்காந்திரு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, கருவியின் முன் உட்கார்ந்து ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டேன். பதிவு ஓடியது. அவள் மடியிலிருந்த கைப்பேசி அதிர்ந்தது. என் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு எடுத்தாள்.

அத்தான். அவர் சொன்னது புரியவில்லை. அக்கா சொன்னது ஒவ்வொன்றும் கேட்டது.

"வேணாங்க. தங்கச்சி ஆபீஸ்லதாங்க இருக்கேன். சத்தியமாங்க. கதவைப் பூட்டிடாதீங்க. அடிக்காதீங்க. வந்துடறேன். அடிக்காதீங்க, வந்துடறேன்."

நான் என்ன செய்தேன்? ஒலி அளவு குறைவாக இருந்தது. கூட்டினேன்.

அதுதான் செய்தேன். கையை எடுத்துக் கதவைத் திறந்திருந்தால் நாலே எட்டில் அவள் பக்கத்தில் இருந்திருப்பேன். நான் குமிழைத் திருப்பினேன்.

வெளியே வந்தாள். முகம் கழுவினாள். "டீ சாப்பிடறியா?" என்றேன். "இல்லடி, நேரமாச்சு" என்று பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவள் நடித்த கெஞ்சல்கள் எல்லாம் பள்ளி நாடகம் மாதிரி இருந்தன. அதனால் மறுநாள் அந்தக் கடைசி இரண்டு சொல்லை மட்டும் வெட்டிக் குடைக்காரியின் வாயில் வைத்தேன். மேலாளர் கேட்டுவிட்டு ஆஹா என்றார். "நடிக்கற மாதிரியே இல்லையே, அசத்திட்டாங்க உங்க அக்கா."

சின்ன மனஸ்தாபம், எந்த வீட்டில் இல்லை - இப்படிச் சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொள்ள எவ்வளவு சுலபமாக வந்தது.

நாலு வருஷம் கழித்து, மணிக்கட்டில் மாவுக்கட்டோடு அக்கா என் வீட்டுக்கு வந்தாள். அவரை விட்டு வந்துவிட்டாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். "எங்கிட்ட ஏங்க்கா ஒரு வார்த்தை சொல்லல?" என்றேன். அழுகை நிஜம்தான். கேள்விதான் பொய்.

பிப்ரவரி 16, திங்கள்

புது மென்பொருள் கொடுத்திருக்கிறார்கள். பின்னால் இருக்கும் இரைச்சலை எல்லாம் உரித்து எடுத்துவிடும். அந்தப் பழைய ரூம் டோன் முழுவதையும் அதில் போட்டேன். ஏன் போட்டேன்? தெரியாது. போட்டேன்.

அத்தானின் குரல் வந்தது. இத்தனை வருஷம் வெறும் கரகரப்பாக இருந்தது இப்போது சொல் சொல்லாக.

"பத்து நிமிஷம் தரேன். பதினொண்ணு ஆச்சுன்னா அன்னிக்கு மாதிரிதான்."

கோபமே இல்லை அந்தக் குரலில். கடையில் நின்று சாமான் சொல்கிறவர் மாதிரி நிதானம். அன்னிக்கு மாதிரி. அப்படியென்றால் அதற்கு முன்பே நடந்திருக்கிறது. இந்த ஆளின் தட்டில் நான் எத்தனை தடவை பரிமாறியிருக்கிறேன். "போதுமா அத்தான், இன்னும் கொஞ்சம் வைக்கவா" என்று கேட்டுக் கேட்டு.

கையைக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன்.

பிப்ரவரி 18, புதன்

ஆஹா ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார். அப்போது சொந்தக்காரர்களிடம் வாய் வார்த்தையாகத்தான் கேட்டோம். இப்போது சட்டப் பிரிவு விடமாட்டேன் என்கிறதாம். குரல் கொடுத்த ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் குரலை எடுத்துவிட வேண்டும்.

"உங்க அக்காதானே, இதுக்காக எதுக்கு அலையணும்? நீங்களே போட்டு அனுப்பிடுங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

அக்காவின் கையெழுத்து எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. வெற்றுத் தாளில் மூன்று முறை போட்டுப் பார்த்தேன். மூன்றாவது அச்சு அசல். போட்டு அனுப்பிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. அக்காவிடம் சொன்னால் அவள் போய்விடுவாள். எனக்கு என்று இருப்பது அவள் ஒருத்திதான்.

தாளைக் கிழித்துப் போட்டேன். கிழித்ததற்காக என்னை நானே மெச்சிக்கொள்ளவும் ஆரம்பித்தேன். சீ.

பிப்ரவரி 20, வெள்ளி

அக்கா இரண்டு முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. ஞாயிறு வருகிறேன் என்று செய்தி மட்டும் அனுப்பினேன். 'சரிடி, சாப்பிட வந்துடு' என்று பதில்.

பிப்ரவரி 22, ஞாயிறு

போனேன். மூன்றாம் மாடி, இரண்டு அறை, அவள் சம்பாத்தியத்தில் வாங்கிய நாற்காலிகள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை அவளுக்கு. நாளைக்குப் போட வேண்டிய வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "என்னடி, பேயறைஞ்ச மாதிரி வந்து நிக்கறே?"

நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் மழுப்பிவிடுவேன் என்று பயம். ரூம் டோன், கைப்பேசி, வெட்டியது, குடைக்காரி - எல்லாம். படிவத்தையும் மேசையில் வைத்தேன். அவள் இஸ்திரிப் பெட்டியை அணைத்து நிமிர்த்தி வைத்தாள்.

"போடு. கேக்கணும்."

"வேணாங்க்கா."

"முழுசா போடு."

காதில் மாட்டிக்கொண்டாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த இடத்தில் அவர் பேசுகிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. தோள்கள் இரண்டும் காது வரை ஏறின. ஆறு வருஷம் தனியாக இருந்தும் அந்தத் தோள்களுக்கு இன்னும் மறக்கவில்லை.

கழற்றி மேசையில் வைத்தாள்.

"அதுக்குள்ள பேசினா வெளிய கேக்காதுன்னு நீதானே சொன்னே."

"ஆமாக்கா."

"அதை நம்பித்தான் எடுத்தேன்." வெள்ளைக் கோட்டை மடித்து வைத்தாள். "இதை எத்தனை பேர் கேட்டிருப்பாங்க?"

"கோடிக்கணக்குல."

"அத்தனை பேர்லயும் இது நெஜம்னு தெரிஞ்சது உனக்கு ஒருத்திக்குத்தான்."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கட்டோட வந்தப்ப, ஏன் சொல்லலன்னு கேட்டியே. நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

இருந்தது. 'தப்புதான்டி, மன்னிச்சுக்கோ' என்று சொன்னாள். சொல்லாமல் இருந்ததற்காக. என்னிடம். நானும் பெருந்தன்மையாக, பரவாயில்லை விடு என்று அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

படிவத்தை மடித்து என் பக்கம் தள்ளினாள். "இதுல நான் போட மாட்டேன். நீயும் போட்டுடாதே." அவளுக்கு என்னைத் தெரியாதா.

பிறகு ஈரத் துணி வாளியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். சமையலறையில் இரண்டு தட்டு எடுத்து வைத்திருந்தது. காத்திருந்தேன். ஒவ்வொரு துணியையும் இரண்டு தடவை உதறி உதறிக் காயப்போட்டாள். திரும்பவே இல்லை. நான் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 23, திங்கள்

ஆஹாவிடம் சொன்னேன். கையெழுத்து வராது, ஏன் வராது, எல்லாம். முதல் தடவையாக அவர் ஆஹா சொல்லவில்லை.

"அது நெஜம்னு நீங்க எங்கிட்ட சொல்லாமயே இருந்திருக்கலாம்" என்றார். அப்புறம், "சரி, வேற பொண்ணை வெச்சு மாத்திடலாம். மலருக்கு அந்த ஒரு பக்கத்தை மட்டும் மறந்துடாதீங்க."

அவரைத் திட்டுவதற்கு எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. பத்து வருஷமாக நான் எனக்குச் சொல்லிக்கொண்டதைத்தான் அவர் சத்தமாகச் சொன்னார்.

மார்ச் 2, திங்கள்

அந்தப் பக்கத்தை எழுதி அனுப்பினேன். அக்காவைக் காட்டிக்கொடுக்காமல், என்னை மட்டும் காட்டிக்கொடுத்து. குடைக்காரியின் பழைய குரல் நடிப்பல்ல, அது பயந்துபோன ஒரு பெண்ணின் கெஞ்சல், அவளைக் கேட்காமல் நான் திருடினேன் என்று. இனிமையாக இல்லை.

அக்கா எடுப்பதில்லை. மணி அடித்து ஓய்கிறது.

மார்ச் 11, புதன்

குழாய்க்காரர் வந்தார். ஒன்பது நிமிஷ வேலை. இதற்கா ஒரு மாசம்.

ஏப்ரல் 24, வெள்ளி

விளையாட்டு வெளியாகிவிட்டது. மலரும் வந்தது. என் பக்கத்தைக் காணோம். அந்த இடத்தில் என் பழைய புகைப்படம் ஒன்று, கீழே வானொலியில் சொன்ன முட்டைக்கோஸ் நகைச்சுவை. பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கிறேன்.

ஆட்டக்காரர்களுக்குக் கோபம். ஆயிரக்கணக்கில் எழுதித் தள்ளுகிறார்கள். 'குடைக்காரியைக் கெடுத்துட்டாங்க.' 'புதுசா கத்தறவளுக்கு நடிக்கவே தெரியல.' ஒருவன் எழுதியிருக்கிறான்: 'பழைய குரல்ல ஒரு உயிர் இருந்துச்சு. அவளை அடிக்கறதுல ஒரு திருப்தி இருந்துச்சு.' இருபதாயிரம் பேர் அதை ஆமோதித்திருக்கிறார்கள்.

இவன்களைத் திட்டி ஒரு பக்கம் எழுதினேன். கோடு போட்டு அடித்துவிட்டேன். இவன்களுக்கு அது நிஜம் என்று தெரியாது. தெரிந்தவள் பரிமாறினாள், தெரியாதவர்கள் தின்றார்கள்.

எட்டு ஞாயிறு ஆயிற்று. அக்கா எடுக்கவில்லை.

மே 9, சனி

கண்ணாடி மாற்றப் போனேன். கொஞ்ச நாளாக எழுத்து மங்கல்தான், அது பொய்யில்லை. ஆனால் வீட்டுக்குக் கீழேயே ஒரு கடை இருக்கிறது. இரண்டு பேருந்து மாறி அக்கா வேலை பார்க்கும் கடைக்குப் போனேன். டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் நாலு பேர்.

என் முறை வந்ததும் அக்கா திரையை விலக்கிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. "வாங்க, உக்காருங்க" என்றாள், மற்ற நாலு பேரிடமும் சொன்ன அதே குரலில். கனமான சோதனைக் கண்ணாடியை என் மூக்கில் வைத்து, ஒரு கண்ணை மறைத்து, மறு கண்ணுக்கு வில்லையைச் செருகினாள். விரல் கன்னத்தில் பட்டது. மெலிந்துவிட்டாள்.

"கடைசி வரி தெரியுதா?"

"தெரியல."

வேறு வில்லை. "இப்ப?"

ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று தெரிந்தது. தெரிகிறது என்று சொன்னால் சீட்டில் எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவாள். "தெரியல" என்றேன்.

இன்னொன்றைச் செருகினாள். "இப்ப?"

"தெரியல."

திரைக்கு வெளியே யாரோ இருமினார்கள். அவள் கை என் நெற்றிப் பக்கத்திலேயே நின்றது. மூச்சு கேட்டது.

"பொய் சொல்லாதே" என்றாள், தாழ்ந்த குரலில், பழைய குரலில்.

"தெரியுதுக்கா."

சீட்டில் எண்ணை எழுதிவிட்டு, அந்தக் கண்ணை மறைத்து, அடுத்த கண்ணுக்கு வில்லையை எடுத்தாள்.